எத்தனை பவுண்ட் தருவீர்கள்?

தென்கிழக்கு இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்னுக்கும் பெக்ஸ்ஹில்லுக்கும் நடுவே பெவன்சி லெவல்ஸ் என்றொரு தாழ்நிலம் இருக்கிறது. 1066-இல் நார்மண்டியிலிருந்து படையோடு வந்த வில்லியம் கரையேறியது இந்தக் கடற்கரையில்தான். அந்நாளில் அது கடல் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பு. பிற்பாடு நூற்றாண்டுக் கணக்கில் கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, உப்புநீரை வடித்து, அதை ஆடுமாடு மேயும் புல்வெளியாக்கினார்கள். அங்கே நிலத்துக்கு நிலம் வேலி கிடையாது, வாய்க்கால்தான் எல்லை. வேறெங்கும் அரிதாகிவிட்ட நீர்ச்செடிகளும் நத்தைகளும் அந்த வாய்க்கால்களில் இன்னும் வாழ்கின்றன. நீர்மேல் காலூன்றி இரை பிடிக்கும் பெரிய சிலந்தி ஒன்று உண்டு. பிரிட்டனில் அது இயற்கையாகக் காணப்பட்ட இடங்கள் மூன்றே. அவற்றில் ஒன்று பெவன்சி.

1990-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாய்க்காலில் தண்ணீர் மட்டத்தை உயர்த்தி வைத்து, உரத்தைக் குறைத்து, உழாமல் மேய்ச்சலுக்கே நிலத்தை விடும் விவசாயிகளுக்கு அரசுப் பணம். அதற்கு முன்பிருந்த 1981 சட்டத்தின் ஏற்பாடு வினோதமானது. சதுப்பை உழப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், உழாமல் இருப்பதால் அவருக்கு வராமல் போகும் லாபத்தை அரசு ஈடுகட்டும். கெடுக்கப்போகிறேன் என்றவருக்குப் பணம். காலங்காலமாகக் கெடுக்காமல் வைத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை. புதிய திட்டம் அந்தக் கோணலைச் சரிசெய்தது.

அரசுப் பணம் போகும் இடத்துக்குக் கணக்கும் போகும். இந்தச் செலவு தகுமா என்று அறிய, பொருளியலாளர்கள் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். இப்படியொரு திட்டம் இருக்கிறது, இன்னின்ன உயிர்கள் பிழைக்கும், இதற்கு நீங்கள் எவ்வளவு பணம் தரச் சம்மதிப்பீர்கள் என்பதுதான் கேள்வி. யாரும் உண்மையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சந்தையில் விற்காத ஒன்றுக்குக் கற்பனையில் ஒரு சந்தை வைத்து, அதில் நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய விலையைக் கண்டுபிடிக்கும் முறை இது. வந்த விடைகளின் சராசரியை மக்கள்தொகையால் பெருக்கினால் சதுப்பின் மதிப்பு பவுண்டில் கிடைத்துவிடும்.

வழக்கமாகக் கதை இந்த இடத்தில் முடியும். அறிக்கை அச்சாகும், எண் அமைச்சகத்துக்குப் போகும். பெவன்சியில் மட்டும் ஒரு பின்கதை உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் புவியியல் துறையைச் சேர்ந்த ஜூடி கிளார்க், ஜாக்குலின் பர்ஜெஸ், கரோலின் ஹாரிசன் என்ற மூவர், கணக்கெடுப்பு முடிந்த சூட்டோடு அதில் விடை சொன்னவர்களையே அழைத்துச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அன்று ஒரு எண் சொன்னீர்களே, அது எப்படி வந்தது என்று கேட்டார்கள்.

வந்த பதில்கள் 2000-இல் ஓர் ஆய்விதழில் வெளியாயின. பணக் கணக்கோடு மல்லாடியதாக ஒருவர் சொன்ன சொல்லையே கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருந்தார்கள். எண் சொன்னவர்களுக்குத் தங்கள் எண்மேலேயே நம்பிக்கை இல்லை. இந்தச் சதுப்பு மட்டுமா, நாடு முழுவதுமா? இதற்குக் கொடுத்தால் மற்றவற்றுக்கு யார் கொடுப்பது? எதனோடு ஒப்பிட்டு இதை எடைபோடுவது? ஒப்பிட ஒன்றுமில்லாமல் எண் மட்டும் கேட்கப்பட்டது. இயற்கையின் மதிப்பைப் பணத்தால் அளப்பதே பொருந்தாது என்று நினைத்தவர்களும் ஏதோ ஒரு தொகையைச் சொல்லியிருந்தார்கள். வீட்டுவாசலில் நின்று கேட்பவரிடம் ஒன்றும் சொல்லாமல் அனுப்புவது அழகில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இது என் ஊகம்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம், இது ஜனநாயகமானது என்பது: அதிகாரிகளும் நிபுணர்களும் முடிவெடுக்கும் இடத்தில் சாமானியரின் விருப்பமும் எண்ணாகப் போய்ச் சேருகிறதல்லவா? குழுக்களில் பேசியவர்கள் இதை ஏற்கவில்லை. எங்கள் கருத்து வேண்டுமென்றால் எங்களை அறிவியலாளர்களோடும் அதிகாரிகளோடும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள், முடிவெடுக்கும் இடத்தில் எங்களுக்கும் இடம் தாருங்கள் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். கேள்விக்கு விடை சொல்ல வந்தவர்கள், இப்படிக் கேட்பது சரியா என்று திருப்பிக் கேட்டுவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் விலையும் மேன்மையும் 'வேல்யூ' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது அந்த மொழியில் எளிது. நமக்கு விலை வேறு, மதிப்பு வேறு, விழுமியம் வேறு. பழந்தமிழில் விழுமம் என்றால் மேன்மை என்றும் பொருள், துன்பம் என்றும் பொருள். குறளில் இடுக்கண் களைந்த நண்பரைப் பேசும் இடத்தில் துன்பம் என்றே வருகிறது. ஒரே வேரில் சிறப்பும் துயரும் எப்படிக் கூடின என்பதை மொழியியலார்தான் சொல்ல வேண்டும். ஊர் ஏரி வற்றியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டு வினோதமாகத் தோன்றாது.

இப்படிப் பணத்தில் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? யோசனை பழையது. 1947-இலேயே அமெரிக்கப் பொருளியலாளர் சிரியசி-வான்ட்ரப் இதைச் சொல்லிவைத்தார். 1963-இல் ராபர்ட் டேவிஸ் மெய்ன் மாநிலக் காடுகளுக்கு வேட்டைக்கும் உல்லாசத்துக்கும் போகிறவர்களிடம் இதைச் செய்தும் பார்த்தார். ஆனால் முறைக்கு நீதிமன்ற மவுசு வந்தது ஒரு விபத்தால். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் கடற்பகுதியில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் காலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. மீனவர்களின் நஷ்டத்தைக் கணக்கிடலாம். அலாஸ்காவை ஒருநாளும் பார்க்காத, பார்க்கப்போகாத ஓஹியோக்காரர் அந்தக் கடற்கரை கெட்டதால் இழந்தது என்ன?

அலாஸ்கா அரசு ரிச்சர்ட் கார்சன் தலைமையில் பொருளியலாளர்களை அமர்த்தி நாடு முழுவதும் குடும்பங்களைக் கேட்டது. இப்படியொரு விபத்து இனி நேராமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கு எவ்வளவு வரி தருவீர்கள்? நடுவண் விடை குடும்பத்துக்குச் சுமார் 31 டாலர். நாட்டின் குடும்பங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் 280 கோடி டாலர். எக்ஸானோடு 1991-இல் இயற்கை வளச் சேதத்துக்காக ஏற்பட்ட சமரசத் தொகை 90 கோடி டாலர்.

எக்ஸான் சும்மா இருக்கவில்லை. இந்த முறையே செல்லாது என்று காட்டும் ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது. அவற்றில் ஒன்று மிகப் பிரபலம். எண்ணெய்க் கழிவுக் குட்டைகளில் விழுந்து சாகும் பறவைகளை, குட்டைமேல் வலை போட்டுக் காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவிடம் 2,000 பறவைகள் பிழைக்கும் என்றார்கள், இன்னொரு குழுவிடம் 20,000, மூன்றாவதிடம் 2,00,000. விடைகளின் சராசரி முறையே 80, 78, 88 டாலர். நூறு மடங்கு பறவைகளுக்கு எட்டு டாலர் கூடுதல்! மக்களுக்குக் கணக்கே வரவில்லை, ஆகவே இந்த எண்களை நீதிமன்றம் நம்பக் கூடாது என்பது எக்ஸான் தரப்பு வாதம்.

நான் அந்த மூன்று எண்களையும் வேறு விதமாகப் படிக்கிறேன். அவர்கள் பறவைக்கு விலை சொல்லவே இல்லை. எண்ணெய்க் குட்டையைத் திறந்துபோட்டுப் பறவைகளைச் சாகவிடுவது தப்பு என்ற ஒரே வாக்கியத்தை, டாலரில் மட்டுமே பேச அனுமதி இருந்த இடத்தில், மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே தொகையாகச் சொன்னது. தப்பு என்பது பறவையின் தலைக்கணக்கில் நூறு மடங்கு ஆவதில்லை. மெய்யியலாளர் மார்க் சகாஃப் 1988-இல் எழுதிய நூலில் செய்த பிரிவு இங்கே உதவுகிறது: ஒரே ஆள் கடையில் நுகர்வோர், வாக்குச்சாவடியில் குடிமகன், முதலாமவரின் விருப்பத்தைக் கேட்டு இரண்டாமவரின் தீர்ப்பை ஊகிக்க முடியாது. அமெரிக்க அரசு இந்த முறையைப் பரிசீலிக்க நோபல் பெற்ற கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ இருவரையும் தலைமையில் வைத்து அமைத்த குழுவும் 1993-இல் தந்த அறிக்கையில், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்காதீர்கள், இன்ன வரி வந்தால் ஆம் என்பீர்களா இல்லை என்பீர்களா என்று வாக்கெடுப்புப் போலக் கேளுங்கள் என்றது. கடைக்காரர் கேள்வியை விட்டு வாக்குச்சாவடிக் கேள்விக்கு அவர்களே பாதித்தூரம் நடந்து வந்திருந்தார்கள்.

பிரிட்டனில் இந்தப் பணமதிப்பீட்டுக்குக் கொள்கை அந்தஸ்து தேடித் தந்தவர் டேவிட் பியர்ஸ். சூழலை விலையில்லாப் பொருளாக விட்டதால்தான் அது வீணடிக்கப்படுகிறது என்பது அரசுக்காக அவர் மற்ற இருவரோடு எழுதி 1989-இல் வெளியான அறிக்கையின் மையம். பியர்ஸ் பேராசிரியராக இருந்ததும் அதே யுனிவர்சிட்டி கல்லூரியில்தான், பொருளியல் துறையில். ஒரே வளாகத்தில் ஒரு துறை பணமதிப்பீட்டுக்கு வாதாட, இன்னொரு துறை எண் சொன்னவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசியது.

புவியியலாருக்கு இந்தப் பொறுமை திடீரென்று வந்ததல்ல. பர்ஜெஸும் ஹாரிசனும் மெலனி லிம்போடு சேர்ந்து 1980-களின் நடுவில் தென்கிழக்கு லண்டனின் கிரீனிச் பகுதியில், பூங்காக்களும் திறந்தவெளிகளும் மக்களுக்கு என்னவாக இருக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். ஒரே குழுவைத் திரும்பத் திரும்பப் பல வாரங்கள் கூட்டிப் பேசவைத்தார்கள். இந்த முறையை அவர்கள் குழு உளச்சிகிச்சையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். முதல் கூட்டத்தில் ஆளாளுக்கு நல்லபிள்ளையாகப் பேசுவார்கள். மூன்றாவது நான்காவது கூட்டத்தில்தான் உள்ளது வெளியே வரும். அப்படி வந்தவற்றில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. மரங்கள் அடர்ந்த ஓரம் ஒருவருக்குச் சின்ன வயது ஞாபகம், இன்னொரு பெண்ணுக்கு இருட்டினால் போகக் கூடாத இடம். அபூர்வ உயிரினம் இருக்கும் காடுதான் மதிப்புள்ளது என்று நிபுணர்கள் வரையறுத்திருக்க, இவர்களோ குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் சாதாரணப் புல்வெளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள்.

அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: சூழல் பற்றிய மதிப்பு ஒருவர் நெஞ்சுக்குள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட சீட்டாக இருப்பதில்லை, வினாப்படிவத்தை நீட்டி அதை வாங்கிவர முடியாது. பக்கத்து ஆள் பேசக் கேட்டு, மறுத்து, நினைவுபடுத்திக்கொண்டு, அந்த இடத்தைப் பற்றித் தனக்கு ஒரு சொல் உண்டு என்று உணரும்போதுதான் அது உருவாகிறது. உருவான பிறகும், செயலாக ஒரு வழி வேண்டும்.

இந்த இரண்டாவது பாதி கசப்பானது. நெஞ்சில் இருந்தால் போதும், நிலம் பிழைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது யீ-ஃபூ துவான் 1968-இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரை. தியான்ஜினில் 1930-இல் பிறந்து, அமெரிக்காவில் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் புவியியல் கற்பித்தவர் துவான். அந்தக் கட்டுரைக்கு ஓராண்டு முன்புதான் வரலாற்றாசிரியர் லின் ஒயிட், இயற்கையை மனிதனுக்கு அடிமையாக்கிய கிறிஸ்தவ மரபே இன்றைய சூழல் நெருக்கடியின் வேர் என்று எழுதியிருந்தார். கிழக்கத்திய மரபுகள் இயற்கையோடு இயைந்தவை என்ற பேச்சு எங்கும் பரவியிருந்த நேரம். சீனத்திலிருந்து வந்த ஒருவர் அதைத் தலையாட்டி ஏற்றிருக்கலாம். துவான் சீனக் காடுகளின் கதையை எடுத்து வைத்தார். மலையையும் மூங்கிலையும் பாடிய அதே நாட்டில் மலைகள் மொட்டையாயின. பௌத்தத்தோடு பரவிய பிணம் எரிக்கும் வழக்கத்துக்கு விறகு போயிற்று. கோயிலுக்கும் அரண்மனைக்கும் மரம் போயிற்று. எழுது மைக்கான கரிக்காகப் பைன் மரங்கள் எரிந்தன. தாங் அரசின் பெரிய அதிகார வர்க்கம் எழுதித் தள்ளிய எழுத்தில் தைஹாங் மலைத்தொடர் வழுக்கையாகிக்கொண்டிருந்தது என்று சீனவியல் அறிஞர் எட்வர்ட் ஷேஃபர் காட்டியதை அவர் எடுத்தாள்கிறார். இயற்கையைப் போற்றும் கவிதையும் அந்த மையால்தானே எழுதப்பட்டது!

ஐந்திணை வகுத்த நமக்குச் சூழல் அறிவு இரத்தத்தில் ஊறியது என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். கேட்கும்போதெல்லாம் எனக்குத் தைஹாங் மலை நினைவுக்கு வரும். முல்லையைத் தெரிந்திருப்பது ஒன்று, முல்லை நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்பது வேறொன்று.

துவான் மரபுகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. போற்றும் சொல்லுக்கும் வெட்டும் கோடரிக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அளந்து காட்டினார், அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்குப் பிறகு பெயரும் வைத்தார்கள், மதிப்புக்கும் செயலுக்கும் இடையிலான இடைவெளி என்று. 1992 ரியோ மாநாட்டுக்குப் பின் நீடித்த வளர்ச்சி என்ற சொல் ஊராட்சி வரை இறங்கியபோது, தகவல் கொடுத்தால் மக்கள் மாறிவிடுவார்கள் என்று பிரிட்டிஷ் அரசு விளம்பரங்களில் பணத்தைக் கொட்டியது. நாட்டிங்ஹாமிலும் நெதர்லாந்தின் ஐந்தோவனிலும் பர்ஜெஸ் குழு பேசிப் பார்த்தபோது, மக்களுக்குத் தகவல் பஞ்சம் பெரிதாக இல்லை. அரசும் கம்பெனிகளும் தங்கள் பங்கைச் செய்யும் என்ற நம்பிக்கைதான் இல்லை. ஆய்வாளர் ஜேம்ஸ் பிளேக் 1999-இல், தடை ஆளின் சோம்பலில் மட்டும் இல்லை, இது யார் பொறுப்பு என்பதிலும் நேரம், பணம், வசதி போன்ற நடைமுறைகளிலும் இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார்.

பெவன்சி விவசாயிகளிடமும் கிளார்க், பர்ஜெஸ், ஹாரிசன் மூவரும் போனார்கள். பணம் வாங்கிக்கொண்டு திட்டத்தில் சேர்ந்தவர்கள் என்பதால் மனமும் மாறிவிட்டது என்று கோப்பு சொல்லும். அங்கே பாட்டன் காலத்திலிருந்து நல்ல விவசாயி என்றால் தண்ணீரை வடித்து நிலத்தைக் காய வைத்தவர். இப்போது தண்ணீரை ஏற்றி நிறுத்துவதற்குப் பரிசு. இந்த நிலத்தை இப்படி ஆக்கியதே நாங்கள்தான், வாய்க்காலின் போக்கு எங்களுக்குத் தெரியும், எங்கள் அறிவைக் கேட்காமல் விதிகளை மட்டும் கையில் கொடுக்கிறார்களே என்பது அவர்கள் ஆதங்கம். சிலந்தியை அறிந்தவர் ஒரு பக்கம், வாய்க்காலை அறிந்தவர் ஒரு பக்கம். இரண்டு பேரும் உட்கார்ந்து பேச ஓர் இடம் அங்கேயும் இல்லை.

அப்படி ஓர் இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க இங்கிலாந்தில் தேட வேண்டாம். நம் நாட்டிலேயே ஒரே மலையை இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஒடிசாவின் ராயகடா, களாஹாண்டி மாவட்டங்களில் நியமகிரி மலைத்தொடர். டோங்ரியா கோந்து மக்களின் தெய்வமான நியம ராஜாவின் வீடு அது. மலைமேல் ஏறத்தாழ 7 கோடி டன் பாக்சைட். கீழே லாஞ்சிகரில் வேதாந்தா குழுமம் ஓர் அலுமினா ஆலையை, சுரங்கத்துக்கு வன அனுமதி கிடைக்கும் முன்பே கட்டிவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. அங்கே இந்தக் கட்டுரைக்கு நேரான ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு, நாடு முழுவதன் காடுகளையும் உள்ளிழுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நடந்தது. வனநிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர் அதன் 'நிகர இன்றைய மதிப்பை'ச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு அந்த வழக்கில்தான் வந்தது. முதலில் ஹெக்டேருக்கு 5.80 லட்சம் முதல் 9.20 லட்சம் ரூபாய் வரை. காடு தரும் விறகு, நீர், காற்றில் உறிஞ்சும் கரி, இப்படி ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் கூட்டுவது முறை.

நியமகிரிக்கும் அப்படியே விலை வந்தது. சுமார் 660 ஹெக்டேர் வனநிலத்துக்கு நிகர இன்றைய மதிப்பு 55 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஹெக்டேருக்கு எட்டு லட்சத்துச் சொச்சம். காட்டுயிர்த் திட்டத்துக்கு 50.53 கோடி, ஆண்டு லாபத்தில் 5 சதவீதம் அல்லது 10 கோடி, எது அதிகமோ அது, பழங்குடிப் பகுதி மேம்பாட்டுக்கு. 2007-இல் நீதிமன்றம் இந்த நிபந்தனைகளை வைத்தது. 2008-இல் அனுமதியும் தந்தது. நீடித்த வளர்ச்சி என்ற கோட்பாட்டின் பேரால்தான் இந்தத் தராசு நிறுத்தப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தட்டில் காடு, இன்னொரு தட்டில் தொழில். முள் நேராக நிற்கும் தொகை எது என்பதே கேள்வி.

பிறகு காற்று திசை மாறியது. 2006-இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அரசு அமைத்த என்.சி.சக்சேனா குழு நியமகிரியில் அந்தச் சட்டம் மீறப்பட்டதாக அறிக்கை தந்தது. 2010 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் இறுதி அனுமதியை மறுத்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், மலைமேல் அந்த மக்களுக்கு உள்ள வழிபாட்டு, பண்பாட்டு உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராமசபைகளே பரிசீலித்துச் சொல்லட்டும் என்றது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் மாநில அரசு தேர்ந்தெடுத்தது பன்னிரண்டை. ஜூலை 18-இல் செர்க்கபாடியில் தொடங்கி ஆகஸ்ட் 19-இல் ஜரபாவில் முடிந்தது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, போலீஸ் சூழ, மழையில் கூட்டங்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் மொழியில் பேசினார்கள். ஓடைகள், பழமரங்கள், சரிவில் போட்ட மஞ்சளும் அன்னாசியும், நியம ராஜா. தனித்தனியே அளந்து இவ்வளவு ஏக்கர் உன்னுடையது என்றதையும் பலர் ஏற்கவில்லை. மலை முழுக்க எங்களுடையது என்றார்கள். பன்னிரண்டு சபைகளும் மறுத்தன. 2014 ஜனவரியில் அமைச்சகம் சுரங்கத்தை நிராகரித்தது.

பணமதிப்பீட்டுக் கணக்கெடுப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. இதற்கு விலை சொல்ல மாட்டேன் என்று மறுப்பவர்களின் விடைக்கு 'எதிர்ப்பு விடை' என்று பெயரிட்டுச் சராசரி எடுக்கும் முன் நீக்கிவிடுவார்கள். விலையே கேட்காதே என்பவரையும், எனக்கு அக்கறையில்லை, ஒரு பைசா தர மாட்டேன் என்பவரையும் ஒன்றாக எண்ணினால் கணக்குத் தப்பும் என்பது காரணம், புள்ளியியல்படி நியாயமும்கூட. அந்த விதியை நியமகிரியில் வைத்தால், பன்னிரண்டு கிராமசபைகளும் எதிர்ப்பு விடைகள். அட்டவணையிலிருந்து நீங்கும்.

கிராமசபையைக் கொண்டாடி இதை முடிக்க எனக்கு மனமில்லை. பன்னிரண்டு ஊர்களை யார் தேர்ந்தார்கள் என்பது சின்னக் கேள்வி அல்ல. கேட்கும் இடம் எது, கேட்கப்படும் ஆள் யார் என்பதை வரையும் கோடு வேறொருவர் கையில் இருந்தால், கூட்டிவைத்துப் பேசுவதும் ஒரு வினாப்படிவமாகச் சுருங்கிவிடும். லண்டனில் ஒரு குழுவைப் பல வாரங்கள் கூட்டிப் பேசவைத்த ஆய்வாளர்களுக்கு அவசரமில்லை. கீழே கட்டி முடித்த ஆலைக்கு அவசரம் இருக்கிறது. நியமகிரி மறுத்த பிறகும் லாஞ்சிகர் ஆலை நின்றுவிடவில்லை, வேறெங்கிருந்தோ வந்த பாக்சைட்டில் ஓடியது. 2023-இல் அதே இரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் சிஜிமாலி மலையின் பாக்சைட் ஏலம் அதே குழுமத்துக்குப் போனது. அங்கேயும் எதிர்ப்பு, கைதுகள், கிராமசபை சம்மதித்ததா இல்லையா என்ற சச்சரவு.

நம் புவியியல் துறைகளிலிருந்து வந்த ஆய்வேடுகளில் என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் செயற்கைக்கோள் படங்கள்தான்: 1990-இல் இவ்வளவு பச்சை, 2020-இல் இவ்வளவு சிவப்பு. நிறம் மாறியதைக் காட்டுகின்றன. அந்த இடத்தில் உட்கார்ந்து நான்கு கூட்டம் பேசியவர் அதில் அரிது. பேசினாலும் ஐந்து புள்ளி அளவுகோலில் 'மிகவும் ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக். சுற்றுச்சூழலைப் பாதுகாக்க வேண்டும் என்பதை மிகவும் ஏற்காதவர் யார்?

நிகர இன்றைய மதிப்பு மட்டும் நிற்காமல் நடக்கிறது. 2006-இல் பொருளியலாளர் காஞ்சன் சோப்ராவின் குழு கணக்கைத் திருத்தியது. 2008-இல் காடுகளை ஆறு சூழல் வகையாகவும் அடர்த்திப்படி மூன்று தரமாகவும் பிரித்து, ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் வரை என்று நீதிமன்றம் நிர்ணயித்தது. 2022 ஜனவரியில் அமைச்சகம் அதைச் சுமார் ஒன்றரை மடங்காக உயர்த்தியது. விலைவாசி ஏறினால் காட்டின் விலையும் ஏறத்தானே வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு, இமயத்தின் தேவதாரு, ஒடிசாவின் சால், எல்லாவற்றுக்கும் அந்த அட்டவணையில் ஒரு வரிசை இருக்கிறது. நியமகிரிச் சரிவின் காடும் ஏதோ ஒரு வகையில், ஏதோ ஓர் அடர்த்தியில் அங்கே வரும். வலப்பக்கக் கட்டத்தில் ஓர் எண்ணும் இருக்கும்.